601 டொலர் வர்ணப்பூச்சு: 'புதிய கார்' என்றால் என்ன என்று கேட்ட வழக்கு

2018 ஆம் ஆண்டில் வெள்ளவத்தையில் வசிக்கும் எனது நண்பர் ஒருவர், ஜப்பானிலிருந்து தருவிக்கப்பட்ட கார் ஒன்றை வாங்கினார். பத்திரிகைத் துறையில் என்னுடன் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். ஊழியர் சேமலாப நிதியாகக் கிடைத்த பணத்தில் பெரும்பகுதி அந்தக் காருக்கே போனது. அங்கே சில ஆயிரம் கிலோமீற்றர் மாத்திரமே ஓடிய வாகனம். புத்தம் புதியது என்று சொன்னாலும் யாரும் மறுக்கமாட்டார்கள் என்று விற்பனையாளர் உறுதி கூறியிருந்தார். பார்வைக்கும் அவ்வாறே இருந்தது.

எட்டு மாதங்களின் பின்னர், வீட்டு 'கேற்'றில் உரசி முன்கதவில் ஒரு கீறல் விழுந்தது. தெகிவளையில் உள்ள கராஜ் ஒன்றுக்கு அதைக் கொண்டுபோனபோது நானும் கூடச் சென்றிருந்தேன். அங்கிருந்த டிங்கர் பாஸ் யாழ்ப்பாணத்தவர். எழுபது வயதை நெருங்கியிருக்கும். கீறலை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை மறந்தவர் போல் காரின் மறுபக்கம் போனார். பின்கதவின் அருகில் குனிந்து, கண்ணைத் தகட்டோடு ஒட்டினாற்போல் வைத்து, வெளிச்சம் விழும் பக்கமாகப் பார்த்தார். கதவின் விளிம்பில் உள்ள றப்பரைச் சற்றே விலக்கி விரல் நுனியால் தடவினார்.

"ஐயா, இந்தக் கதவு கம்பனிப் பெயின்ற் இல்லை. ஆரோ திருப்பி அடிச்சிருக்கினம். நல்ல வேலைதான். ஆனால் தோடம்பழத் தோல் மாதிரி ஒரு சுருக்கம் தெரியுது பாருங்கோ" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நண்பருக்கும் தெரியவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. அன்றிரவு தொலைபேசியில் அழைத்தார். "ஐசே, காருக்கு ஒண்டும் இல்லை. நேற்று ஓடின மாதிரித்தான் இண்டைக்கும் ஓடுது. ஆனால் எனக்கு ஒருத்தனும் சொல்லேல்லையே."

நண்பரின் இந்த மனக்குறையை அப்படியே எடுத்துக்கொண்டு ஒருவர் நீதிமன்றம் போனார். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, அந்நாட்டின் அரசியலமைப்புச் சட்ட வரலாற்றில் ஓர் அத்தியாயமாகவே ஆகிவிட்டது. அவ்வழக்கைப் பற்றி எழுதவேண்டும் என்று நீண்ட நாட்களாக எண்ணியிருந்தேன்.

வழக்குக்குள் போவதற்கு முன்னர், ஒரு காரின் மேற்பூச்சுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதைச் சற்று விளக்க வேண்டும். மோட்டார் வாகனம் பிறந்த காலத்தில் அதற்குக் குதிரை வண்டிகளுக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷையே பூசினார்கள். பூசி, உலரவிட்டு, தேய்த்து, மீண்டும் பூசி முடிப்பதற்குப் பல வாரங்கள் சென்றன. ஹென்றி ஃபோர்ட் 1908 இல் அறிமுகப்படுத்திய 'மொடல் ரி' கார் முதலில் பல நிறங்களில் கிடைத்தது. 1914 முதல் 1925 வரையில்தான் அது கறுப்பு நிறத்தில் மாத்திரம் வந்தது. தொடர் ஒருங்கிணைப்பு முறையில் ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு காரைப் பூட்டி முடிக்க முடிந்த காலம் அது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கக்கூடியதாகவும், மலிவானதாகவும், நீடித்து உழைப்பதாகவும் இருந்தது கறுப்பு எனாமல்தான்.

இந்த நெருக்கடியை உடைத்தது 'டூகோ'. டூபொன்ட் கம்பனி உருவாக்கிய நைட்ரோசெலுலோஸ் பூச்சு இது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஓக்லண்ட் கார்கள் 1924 ஆம் ஆண்டு மாதிரிகளாக நீல நிறத்தில் இதைப் பூசிக்கொண்டு சந்தைக்கு வந்தன. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பழைய தலைமுறையினர் எந்தப் பூச்சையும் 'டூகோ' என்றே அழைத்தமைக்கு இதுவே காரணம். அக்காலத்தில் டூபொன்ட் நிறுவனமே ஜெனரல் மோட்டோர்ஸின் பெரும் பங்குதாரராகவும் இருந்தது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். நிறம் வந்ததும் ஆண்டுக்கொரு புதுமை என்ற வியாபாரம் வந்தது. கார் பழுதாகிப் போவதற்கு முன்னரே அது 'பழசாகி'ப் போகும் காலம் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது எனலாம்.

இன்றைய காரின் பூச்சு பல படைகளைக் கொண்டது. உலோக உடலை முழுமையாகத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தின் மூலம் படியவைக்கும் துருத்தடுப்புப் படை முதலாவது. அதன்மேல் 'பிரைமர்', அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற, கண்ணாடி போன்ற 'கிளியர் கோட்'. இத்தனையும் சேர்ந்தாலும் மொத்தத் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் வரும். நாம் எழுதும் ஒரு கடதாசியின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையில் வெறும் உலோகக்கூடாக இருக்கும்போது இப்பூச்சை ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் சூளையில் வேகவைக்கிறார்கள். அடிப்படைக்கு அதைவிடவும் கூடிய வெப்பம். ஆனால் கார் முழுமையாகப் பூட்டப்பட்ட பின்னர் அத்தகைய வெப்பத்தில் அதை வைக்க முடியாது. ஆசனமும் றப்பரும் பிளாஸ்ரிக்கும் மின்னணுக் கருவிகளும் தாங்கமாட்டா. எனவே திருத்தும்போது, கடினமாக்கி கலந்த வேறொரு வகைப் பூச்சை அடித்து, 60 பாகை அளவிலேயே உலரவைக்கிறார்கள். திறமையான கைகளில் இது மிக நன்றாக அமையும். பல ஆண்டுகள் உழைக்கும். ஆயினும் அது தொழிற்சாலைப் பூச்சு அல்ல. டிங்கர் பாஸ் தன் விரல் நுனியால் அறிந்துகொண்டது இந்த வேறுபாட்டைத்தான். இப்போது சட்டைப்பையில் வைக்கக்கூடிய கருவிகள் வந்துவிட்டன. தகட்டில் வைத்தால் பூச்சின் தடிப்பை மைக்ரோன் கணக்கில் சொல்லிவிடும். பாஸிடம் அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

இனி வழக்கு.

1990 ஜனவரி மாதத்தில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பேர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த ஐரா கோர் என்ற மருத்துவர், பி.எம்.டபிள்யூ. 535ஐ ரகக் கறுப்பு நிறக் கார் ஒன்றை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமிருந்து வாங்கினார். விலை 40,750 டொலர் 88 சதம். ஒன்பது மாதங்கள் அதை ஓட்டினார். எந்தக் குறையும் அவர் கண்ணில் படவில்லை. காரை இன்னும் சற்று மினுக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான், நம் ஊரில் 'கட் அன்ட் பொலிஷ்' என்று சொல்லும் வேலையைச் செய்யும் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனார். அந்தத் தொழிலாளி காரைப் பார்த்தார். இது மீண்டும் வர்ணம் பூசப்பட்ட கார் என்று சொன்னார்.

ஆராய்ந்தபோது கதை வெளியாயிற்று. கார் ஜெர்மனியில் உற்பத்தியாகி அத்திலாந்திக் கடலைக் கடந்து வருகையில், அமில மழையினால் அதன் பூச்சு பழுதடைந்திருந்தது. ஜோர்ஜியா மாநிலத்தின் பிரன்ஸ்விக் என்ற துறைமுக ஊரில் கம்பனிக்கு ஒரு வாகனத் தயார்ப்படுத்தல் நிலையம் இருந்தது. அங்கே கூரை, பொனட், டிக்கி, பக்கத் தகடுகள் ஆகியவற்றுக்கு மீண்டும் வர்ணம் பூசினார்கள். செலவு 601 டொலர் 37 சதம். காரின் விலையில் ஏறத்தாழ ஒன்றரைச் சதவீதம். பின்னர் அது புதிய காராகவே விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டது. விற்பனையாளருக்கும் சொல்லவில்லை, வாங்கியவருக்கும் சொல்லவில்லை.

பூசிய இடங்களைக் கவனியுங்கள். கூரையும் பொனட்டும் டிக்கியும் மழைத்துளி வழிந்தோடாமல் தங்கி நிற்கும் இடங்கள். அமில மழை ஒரு காரைப் பழுதாக்குவது மழை பெய்யும்போது அல்ல, வெயில் எறிக்கும்போது. துளியில் உள்ள நீர் ஆவியாகிப் போக, அதில் இருந்த சொற்ப அமிலம் செறிவடைந்து, சூடேறிய தகட்டில் கிளியர் கோட்டை அரித்து வட்ட வட்டமாகத் தழும்பு வைத்துவிடும். பளபளப்பான கிளியர் கோட் 1980களில் பரவலாகிய பிறகே இப்பிரச்சினை பெரிதாகத் தெரியத் தொடங்கியது. பிரன்ஸ்விக்கிலிருந்து தெற்கே சுமார் நூறு கிலோமீற்றர் தொலைவில் உள்ள புளோரிடாவின் ஜக்சன்வில், வர்ணக் கம்பனிகள் கோடைகாலத்தில் தங்கள் பூச்சுகளை வெளியில் வைத்து அமிலத்தைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கும் பிரசித்திபெற்ற இடமாயிற்று. அமிலத்தைத் தாங்கும் பூச்சுக்காக ஒரு காருக்குச் சராசரியாக 5 டொலர் கூடுதலாகச் செலவாகிறது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பின்னர் கணக்கிட்டது. 5 டொலரில் தடுத்திருக்கக்கூடிய ஒரு பழுதே 601 டொலர் செலவில் மறைக்கப்பட்டது என்றும் இதைப் பார்க்கலாம்.

இது ஒரு தொழிலாளியின் தவறோ ஒரு முகாமையாளரின் தந்திரமோ அல்ல. கம்பனி 1983 இல் எழுதி வைத்துக்கொண்ட கொள்கை. உற்பத்தியின்போதோ கொண்டுவரும் வழியிலோ ஏற்பட்ட பழுதைத் திருத்தும் செலவு, காரின் சில்லறை விலையில் 3 சதவீதத்தைத் தாண்டினால், அதைச் சிறிது காலம் கம்பனிப் பாவனைக்கு எடுத்து, பின்னர் பாவித்த காராக விற்க வேண்டும். தாண்டாவிட்டால் விற்பனையாளருக்குக்கூட அறிவிக்காமல் புதியதாகவே விற்கலாம். இந்த 3 சதவீதம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அமெரிக்காவில் ஏறத்தாழ 25 மாநிலங்கள் இத்தகைய திருத்தங்களை வெளிப்படுத்துவது தொடர்பாகச் சட்டம் வைத்திருந்தன. அவற்றில் மிகக் கடுமையானதே 3 சதவீத எல்லையை வகுத்திருந்தது. அந்த எல்லையையே நாடு முழுவதும் கடைப்பிடித்ததாகக் கம்பனி வாதாடியது. அலபாமாவில் அப்போது அப்படியொரு சட்டம் இருக்கவில்லை.

மருத்துவர் கோர் மோசடி என்று வழக்குத் தொடர்ந்தார். மீண்டும் வர்ணம் பூசப்பட்ட கார் சந்தையில் பத்துச் சதவீதம் குறைவாகவே விலைபோகும் என்று முன்னாள் பி.எம்.டபிள்யூ. விற்பனையாளர் ஒருவர் சாட்சியமளித்தார். ஆக, நட்டம் 4,000 டொலர். இதுவரை எல்லாம் சாதாரண வழக்குத்தான். ஆனால் கம்பனி 1983 முதல், 300 டொலருக்கு மேல் செலவு செய்து வர்ணம் பூசிய 983 கார்களைச் சொல்லாமலே புதியவையாக விற்றிருந்தது என்பதும் சாட்சியத்தில் வந்தது. அவற்றுள் 14 அலபாமாவில் விற்கப்பட்டவை. கோரின் சட்டத்தரணி ஜூரர்களிடம் ஒரு பெருக்கல் கணக்கை முன்வைத்தார். ஆயிரம் கார்கள், ஒவ்வொன்றுக்கும் 4,000 டொலர். ஜூரர்கள் 4,000 டொலரை நட்டஈடாகவும், 40 இலட்சம் டொலரைத் தண்டனை நட்டஈடாகவும் வழங்கினார்கள்.

தண்டனை நட்டஈடு என்பது நமது வாசகர்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். பாதிக்கப்பட்டவரின் இழப்பை ஈடுசெய்வதற்காக அல்லாமல், தவறு செய்தவரைத் தண்டிப்பதற்கும் மற்றவர்களை எச்சரிப்பதற்குமாக விதிக்கப்படுவது அது. வேடிக்கை என்னவென்றால், இதே அலபாமாவில் இதே கம்பனிக்கு எதிராக இன்னொரு மருத்துவர் தொடுத்த இதே போன்ற வழக்கில், ஜூரர்கள் 4,600 டொலர் நட்டஈடு கொடுத்து, தண்டனையாக ஒரு சதமும் விதிக்கவில்லை.

பத்திரிகைக்காரனாக இருந்தவன் என்ற வகையில் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 'வர்ணத்துக்கு 40 இலட்சம் டொலர்' என்பது எந்தச் செய்தி ஆசிரியராலும் தவிர்க்க முடியாத தலைப்பு. 1994 இல் நியூ மெக்சிக்கோவில் சூடான கோப்பி கொட்டிக் காயமடைந்த மூதாட்டிக்கு ஜூரர்கள் வழங்கிய பெருந்தொகையும் இக்காலத்ததே. இரண்டையும் சேர்த்து, அமெரிக்க நீதித்துறை பைத்தியம் பிடித்து அலைகிறது என்று எழுதாதவர்கள் இல்லை. கோப்பி வழக்கில் அம்மூதாட்டி மூன்றாம் நிலைத் தீக்காயத்துக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை பெற்றார் என்பது தலைப்பில் வரவில்லை. கோர் வழக்கில் 983 கார்கள் தலைப்பில் வரவில்லை. வராமல் போனதற்கு நாங்களும் பொறுப்பு.

சொல்லாமல் விட்டால் அது பொய்யாகுமா என்ற கேள்வி மோட்டார் வாகனத்தைவிட இரண்டாயிரம் ஆண்டு மூத்தது. கி.மு. 44 இல் உரோமானியப் பேச்சாளர் சிசரோ தமது மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில் இதை விரிவாக ஆராய்கிறார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் விலை விழுந்துவிடும். சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும் என்கிறார் பாபிலோனிய தத்துவஞானி டயோஜெனிஸ். வாங்குபவன் அறியாத எதையும் விற்பவன் மறைக்கக்கூடாது என்கிறார் அவருடைய மாணவர் அந்திப்பாத்தர். சிசரோ மாணவரின் பக்கம் சாய்கிறார். வெறுமனே மௌனமாக இருப்பதல்ல குற்றம், தெரிந்துகொள்வதில் அக்கறை உள்ளவனுக்குத் தெரியாமல் இருப்பதால் இலாபம் தேடுவதே குற்றம் என்பது அவருடைய நிலைப்பாடு.

பிரித்தானியச் சட்டம் டயோஜெனிசின் வழியில் போயிற்று என்று சொல்லலாம். 1893 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும், அதைப் பின்பற்றி இலங்கையில் வந்த 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், சில விதிவிலக்குகளுடன், வாங்குபவனே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற அடிப்படையில் எழுந்தவை. கோருக்கு முன்னரே பிரித்தானியாவில் இதே கேள்வி எழுந்திருக்கிறது. விற்பனையாளரிடம் போய்ச் சேருமுன் பழுதடைந்து, ஏறத்தாழ 50 பவுண் செலவில் திருத்தப்பட்ட ஒரு ஃபோர்ட் கார் புதியது என்று விற்கப்பட்டது. வர்த்தக விவரணச் சட்டத்தின் கீழ் கம்பனி குற்றவாளியாகக் காணப்பட்டது. 1974 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. பழுது மேலோட்டமானதாக இருந்து, திருத்தமும் புதியதற்கு நிகராக அமைந்தால், அதைப் புதிய கார் என்றே சொல்லலாம் என்றது நீதிமன்றம். ஆங்கில நீதிபதிகள் காரைப் பார்த்தார்கள். வாங்கியவருக்கு என்ன சொல்லப்பட்டது என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சமாகவே இருந்தது.

அலபாமாவுக்குத் திரும்புவோம். ஜூரர்களின் முடிவு வந்த சில தினங்களிலேயே கம்பனி தனது கொள்கையை மாற்றி, எவ்வளவு சிறிய திருத்தமாயினும் நாடு முழுவதும் வெளிப்படுத்துவதென்று அறிவித்தது. பதினான்காயிரம் பக்கச் சட்டப்புத்தகங்களாலும் செய்ய முடியாததை அந்த அநியாயத் தொகை ஐந்தாறு நாட்களில் செய்துவிட்டது என்று கோரின் பக்கத்தவர் பேசிக்கொண்டால் அதில் நியாயம் உண்டு. மறுபுறம், அலபாமா சட்டமன்றமே 1993 இல் இயற்றிய சட்டத்தில் 3 சதவீதத்துக்கு மேற்பட்ட திருத்தங்களையே வெளிப்படுத்த வேண்டும் என்று வந்தது. அதாவது கோரின் கார் அந்தச் சட்டத்தின் வலையிலும் விழுந்திராது.

1994 இல் அலபாமா உச்ச நீதிமன்றம், பிற மாநிலங்களில் விற்ற கார்களையும் ஜூரர்கள் பெருக்கலில் சேர்த்தது தவறு என்று கூறி, தண்டனையை 20 இலட்சம் டொலராகக் குறைத்தது. எந்தக் கணக்கில் 20 இலட்சம் என்பது தீர்ப்பிலிருந்து தெளிவாகவில்லை. பதினான்கு கார்களை 4,000 ஆல் பெருக்கினால் 56,000 டொலர்தானே வரும்.

வழக்கு வாஷிங்டனுக்குப் போயிற்று. 1996 மே 20 ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஜோன் போல் ஸ்டீவன்ஸ். தண்டனை நட்டஈடு அளவுகடந்ததாக இருப்பதால் அது அரசியலமைப்பை மீறுகிறது என்று அந்த நீதிமன்றம் கூறியது அதுவே முதற்தடவை. எந்த நடத்தைக்கு எவ்வளவு தண்டனை என்பதை ஒருவர் முன்கூட்டியே அறிந்திருக்க உரிமை உண்டு என்பது அவர்களின் அடிப்படை. நடத்தை எவ்வளவு கண்டிக்கத்தக்கது, தண்டனைக்கும் உண்மையான இழப்புக்கும் உள்ள விகிதம் என்ன, இத்தகைய குற்றத்துக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் என்ன என்று பார்க்க வேண்டும் என்றார் ஸ்டீவன்ஸ். இங்கே பாதுகாப்புக்கோ ஓட்டத்துக்கோ பங்கமில்லை. ஒன்பது மாதங்கள் தோற்றத்திலும் குறை தெரியவில்லை. வெளிப்படையான பொய் எதுவும் சொல்லப்படவில்லை. விகிதமோ ஐந்நூறுக்கு ஒன்று. அலபாமாவில் இதற்கான அதிகபட்ச அபராதம் 2,000 டொலர்.

எதிர்த்து எழுதிய நால்வரின் சேர்க்கை சுவாரசியமானது. பழமைவாதியான அன்டனின் ஸ்காலியாவும், பெண்ணுரிமைக்காகப் புகழ்பெற்ற ரூத் பேடர் கின்ஸ்பேர்க்கும் தனித்தனியே எழுதினாலும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். ஸ்காலியாவுடன் தோமஸும், கின்ஸ்பேர்க்குடன் பிரதம நீதியரசர் ரேன்குவிஸ்ரும் சேர்ந்தார்கள். இது மாநிலங்களின் வேலை, இதில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்பதே அவர்களின் வாதத்தின் சாரம்.

வழக்கு மீண்டும் அலபாமாவுக்கு அனுப்பப்பட்டது. 1997 இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், 50,000 டொலரை ஏற்றுக்கொள்ளாவிட்டால் புதிய விசாரணைதான் என்று கோருக்குக் கூறியது. நாற்பது இலட்சத்தில் தொடங்கியது ஐம்பதாயிரத்தில் வந்து நின்றது.

ஆனால் அந்தத் தீர்ப்பு அங்கு நிற்கவில்லை. 2003 இல் காப்புறுதி நிறுவனமொன்றுக்கு எதிரான யூட்டா மாநில வழக்கில், 14 கோடியே 50 இலட்சம் டொலர் தண்டனையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. விகிதம் பொதுவாக ஒற்றை இலக்கத்தைத் தாண்டலாகாது என்றது. அதற்கு அடிப்படை கோர் வழக்கு. 2007 இல் சிகரெட் கம்பனி ஒன்றுக்கு எதிராக, புகைத்து இறந்தவரின் மனைவி ஒரெகன் மாநிலத்தில் தொடுத்த வழக்கில், நீதிமன்றத்துக்கு வராத மற்றவர்களுக்கு இழைத்த தீங்குக்காகக் கம்பனியைத் தண்டிக்க முடியாது என்றது. அதன் பின்னாலும் கோர் வழக்கு நிற்கிறது. கறுப்புக் காரொன்றின் கூரையில் அடித்த பூச்சு, புகையிலைக் கம்பனிக்குக் குடையாகப் போய்ச் சேர்ந்ததை என்னவென்று சொல்வது?

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், 40 இலட்சம் டொலர் அதிகம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாலாயிரம் டொலர் நட்டத்துக்காக ஒருவர் கோடீஸ்வரராவதை எந்த நியாயத்தராசும் தாங்காது. ஆனால் ஏழு ஆண்டுகள், நான்கு தீர்ப்புகள், நூற்றுக்கணக்கான பக்கங்கள் எல்லாம் தண்டனையின் அளவைப் பற்றியே பேசின. மற்ற 982 பேர் என்ன ஆனார்கள்? அவர்களில் பலர், தங்கள் கார் எப்போதோ பிரன்ஸ்விக்கில் மறுபடி வர்ணம் பூசப்பட்டது என்பதை அறியாமலே அதை ஓட்டி, அறியாமலே விற்றிருப்பார்கள். அதை வாங்கியவரும் அறியார். கோரின் காரை ஒரு தொழிலாளி உற்றுப் பார்த்திராவிட்டால் அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகவே இருந்திருப்பார். 'அவருக்குத் தெரியவில்லை, ஆகவே நட்டமில்லை' என்ற வாதம், மறைப்பவன் எவ்வளவு திறமையாக மறைக்கிறானோ அவ்வளவுக்கு அவன் நிரபராதி என்பதில் போய் முடியும். ஸ்டீவன்ஸின் தீர்ப்பை மதிப்போடு படித்தபோதும், ஒன்பது மாதங்கள் குறை தெரியவில்லை என்ற அந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த விடயத்தில் ஜப்பானியர் வேறு வழியொன்றைக் கண்டிருக்கிறார்கள். நமது நாட்டுக்கு வரும் 'ரீகண்டிஷன்' வாகனங்களில் பெரும்பாலானவை அங்குள்ள ஏல விற்பனை நிலையங்களில் வாங்கப்படுபவை. ஒவ்வொரு காருக்கும் பரிசோதகர் ஒருவர் ஒரு தாள் நிரப்புவார். காரின் படம் வரைந்து அதில் எழுத்துகளால் குறிப்பிடுவார். ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்திய தடம், எக்ஸ் இரண்டு போட்டால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது. எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள இலக்கம் அதன் அளவைச் சொல்லும். சில்லறைக் கீறல்கூட அதிலிருந்து தப்பாது. கேட்க வேண்டியதில்லை, நீதிமன்றம் போக வேண்டியதில்லை, தாளைப் பார்த்தால் போதும். அந்தத் தாள் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து வாங்குபவர் கையில் கிடைக்கிறதா, கிடைத்தாலும் அது திருத்தப்படாத தாளா என்பது வேறு விடயம்.

நண்பர் அந்தத் தாளைத் தேடி எடுத்தார். விற்பனையாளர் கொடுத்த கோப்பிலேயே அதன் பிரதி இருந்தது. ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவே, சற்று மங்கலாக, இடது பின்கதவின் மேல் 'டபிள்யூ 2' என்று எழுதியிருந்தது. அதன் பொருளை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதன் பிறகு விற்பனையாளரிடம் போய்ச் சண்டைபிடிக்க அவர் விரும்பவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய கார்களின் விலை நாளுக்கு நாள் ஏறியது. 2021 இல் நண்பர் காரை விற்கத் தீர்மானித்தார். வாங்க வந்த இளைஞர் காரைச் சுற்றி வந்து, என்ஜினைப் பார்த்து, ஓட்டியும் பார்த்தார். கதவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. விலையும் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. நண்பர் உள்ளே போய் அந்த ஏலத்தாளை எடுத்துவந்து, பின்கதவின் மேல் இருந்த எழுத்தைக் காட்டி, அதன் பொருளையும் சொன்னார்.

இளைஞர் கதவை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு இலட்சம் ரூபாவைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்டார். நண்பர் குறைத்தார்.